அப்பா அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்த ஞாயிறுகள்

ஹோட்டலில் போய் கறி சாப்பிடலாம் என்று அப்பா சொன்ன அன்று, அம்மா கையிலிருந்த மாத்தே தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

"யோவ் கிழவா, இன்னொரு தடவ சொல்லு."

"ஞாயித்துக்கிழம வெளியில சாப்பிடலாம்னு சொன்னேன். இதுல என்னடி அதிசயம்?"

அதிசயம்தான். என் அப்பா எவரிஸ்தோ, மாட்டுச் சந்தையில் ஆயுள் முழுக்க உழைத்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேட்டை மத்தாதேரோஸில் மூலைக்கு ஒரு கறி சுடும் ஹோட்டல் இருக்கிறது. அதில் ஒன்றில்கூட அவர் காலடி பட்டதில்லை. "எவனோ தீச்சுப் போட்டத நான் தின்னணுமா?" என்பார். போகிற வழியில் எந்த அடுப்பைக் கண்டாலும் நின்று தணலை எட்டிப் பார்ப்பார், உச்சுக்கொட்டுவார், அடுப்புக்காரன் காதில் விழும்படி "விறகு ஈரம்" என்று சொல்லிவிட்டு நகர்வார். எத்தனை முறை என் மானம் போயிருக்கிறது!

எங்கள் வீட்டு ஞாயிறு என்றால் அது அப்பாவின் ஞாயிறு. முற்றத்துச் செங்கல் அடுப்பில் காலையிலேயே தீ மூட்டிவிடுவார். இடுக்கியை வேறு யாரும் தொடக்கூடாது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒவீதியோ, உதவி செய்கிற நினைப்பில் ஒரு சோரிசோவைத் திருப்பிப் போட்டுவிட்டார். சாதாரண சாசேஜ் ஐயா அது! கிறிஸ்துமஸ் வரைக்கும் மாமனார் மாப்பிள்ளையோடு பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர், "சுட்டவருக்கு ஒரு கைதட்டு!" என்று கத்துவார். எல்லோரும் தட்டுவோம். அவர் அதெல்லாம் பெரிய விஷயமில்லை என்பதுபோல் இடுக்கியை ஆட்டுவார், காது மடல் சிவந்திருக்கும்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒருவனுடைய கால்பந்து அணியைத் திட்டலாம், அரசியலைத் திட்டலாம், அவன் பெண்டாட்டி அழகைப் பற்றிக்கூடப் பேசிவிட்டு உயிரோடு தப்பிக்கலாம். அவன் சுட்ட கறியைக் குறை சொல்லக்கூடாது. தோல் மாதிரி இருந்தாலும் மென்று விழுங்கிவிட்டுக் கை தட்ட வேண்டும்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் அப்பாவுக்கு ஒரு பொல்லாத காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்து தேறி எழுந்த முதல் ஞாயிறு சுட்ட கறியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. இரண்டு முறை போட்டிருப்பார் போல. வாயில் வைக்க முடியவில்லை. நாங்கள் சோடாவைக் குடித்துக் குடித்துத் தின்றோம். கையும் தட்டினோம். என் தம்பி நெஸ்தோர் விசில்கூட அடித்தான். வயசான மனுஷர், உடம்பு தேறி எழுந்திருக்கிறார், கை தவறிவிட்டது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டோம்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஹோட்டல் பேச்சு.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் தூக்கம் வராது. ஊரில் என்னை "சுலேமா, எட்டிப் பாக்குற சுலேமா" என்பார்கள். சொல்லட்டும். நான் பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எட்டிப் பார்க்காதவள் பிழைக்க முடியாது.

அந்த ஞாயிறு மதியம் நாங்கள் ஐந்து பேரும் மூலை ஹோட்டலுக்குப் போனோம். அப்பா, அம்மா, நான், ஒவீதியோ, மொரோனிலிருந்து பஸ் பிடித்து வந்த நெஸ்தோர். வெயிட்டர் தீத்தோ எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த ரொட்டிக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எவரிஸ்தோ! நீங்களா? போலீஸ் துரத்துதா, இல்ல வீடு தீப்பிடிச்சுடுச்சா?"

"பசிக்குது தீத்தோ. மேசை காட்டு."

"இருங்க, அடுப்பு நல்லா தெரியற மேசையா தரேன். எங்க ஆள் கங்கு தள்ளுற லட்சணத்தப் பாத்து நீங்க திட்டலாம்."

இங்கேதான் முதல் ஆச்சரியம். அந்த ஹோட்டலில் நடுவிலேயே பெரிய அடுப்பு. சரிவான கம்பிகளில் விலாக் கறி வரிசையாகக் கிடந்து பொரிகிறது, ஓரத்தில் சோரிசோ, மேலே குடல். புகை கூரையைத் தொடுகிறது. அப்பா அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டி, சுவர் ஓரமாக இருந்த எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் வந்து உக்காரேன். அடுப்பு தெரியும்," என்றேன்.

"நான் என்ன அடுப்பையா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்? உக்காரு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் அடுப்பைத்தான் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கறி வந்தது. நல்ல கறி. நடுவில் சிவப்பு, ஓரத்தில் மொறுமொறுப்பு. நாங்கள் அடித்துப் பிடித்துத் தின்றோம். அப்பா தன் தட்டைத் தொடவே இல்லை. ஒவீதியோ ஒரு துண்டை வாயில் போட்டால் ஒவீதியோவைப் பார்க்கிறார். நான் மென்றால் என்னைப் பார்க்கிறார். முட்கரண்டி வாய்க்குப் போகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு கண்ணை இமைக்காமல் முகத்தைப் பார்க்கிறார். டாக்டர் ஊசி போட்டுவிட்டு நோயாளியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

நெஸ்தோர் என் காதில் குசுகுசுத்தான். "அக்கா, அப்பா ஏன் என்னையே பாக்குறாரு? மூஞ்சில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?"

"உன் மூஞ்சிதான் ஒட்டியிருக்கு. தின்னு."

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா திடீரென்று.

எல்லோரும் ஒரே குரலில், "பரவால்லப்பா, உன்னுது மாதிரி வருமா!" என்றோம்.

அவர் தட்டிலிருந்த கறியை வெட்டி, கடமைக்கு மென்று, ஒயினில் சோடா ஊற்றிக் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. அம்மாவின் சந்தேகம் நேரே கல்லாப்பெட்டிக்குப் போனது. "அங்க உக்காந்திருக்காளே, செம்பட்ட முடிக்காரி, ஓல்கா. அவளப் பாக்கத்தான் கிழவன் போறான்."

"அம்மா, அப்பா கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பவே இல்ல. அந்தச் செம்பட்டையும் நான் போட்ட சாயம். அவளுக்கு அப்படி எதாச்சும் இருந்தா தலை கழுவும்போதே எனக்கு வந்து சேர்ந்திருக்கும்."

நெஸ்தோர், அப்பாவுக்குக் கை நடுங்குகிறதோ, அதனால்தான் அடுப்படியை விட்டுவிட்டாரோ என்றான். ஒவீதியோ, மனுஷருக்குக் களைப்பு, அதில் ஆராய என்ன இருக்கிறது என்றார். இவர் எதையுமே ஆராய மாட்டார். என்னைக் கட்டிக்கொண்டதே அப்படித்தான்.

வேடிக்கையாகப் பேசிக்கொண்டோமே தவிர எனக்கு உள்ளுக்குள் பயம். முற்றத்து அடுப்பின்மேல் அப்பா தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். மறுநாள் இடுக்கியைத் துணியில் சுற்றி ஒவீதியோ கையில் கொடுத்து, "மாப்பிள்ளை, நீங்க வச்சுக்குங்க" என்றிருக்கிறார். ஒரு சோரிசோவைத் திருப்பினதற்கு மாதக்கணக்கில் முகம் கொடுக்காத ஆள்! ஒவீதியோ அதைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்துவிட்டு, செத்த பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தீ அணைந்தால் எங்கள் குடும்பம் எதற்குக் கூடும்? நெஸ்தோர் இப்போதே "அடுத்த வாரம் வேல இருக்கும் போலக்கா" என்று இழுக்க ஆரம்பித்துவிட்டான். அப்பா பகல் முழுக்க வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். அது பெரும்பாலும் அணைந்தே இருந்தது.

இரண்டாவது ஞாயிறு. அதே ஹோட்டல், அதே மேசை, மறுபடி அடுப்புக்கு முதுகு. நான் இந்த முறை எங்கள் முகங்களை விட்டுவிட்டு அவர் வாயைக் கவனித்தேன். குடல் வறுவல் வந்தது. எலுமிச்சை இல்லாமல் அதைத் தொடாத மனுஷர் வெறுமனே போட்டு மென்றார். எலுமிச்சைத் துண்டு கண்ணெதிரில்தான் கிடந்தது. பூண்டும் இலையும் கலந்த சிமிசுரி சாஸ் கிண்ணத்தை வழக்கமாக மோந்து பார்த்து "பூண்டு பழசு" என்று ஒரு தீர்ப்பு சொல்லாமல் விடமாட்டார். அன்று அப்படியே ஊற்றிக்கொண்டார். என் மண்டைக்குள் ஏதோ ஒன்று லேசாகத் தட்டியது.

காப்பி வரும் நேரம் தீத்தோவைத் தனியாகக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் ஹோட்டல்களில் உப்பு மேசையில் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

"தீத்தோ, கொஞ்சம் உப்பு."

"காப்பிக்கா?"

"கேள்வி கேக்காம கொண்டாங்க."

"உங்க குடும்பத்துக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று முணுமுணுத்தபடி கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா கை கழுவப் போயிருந்தார். நெஸ்தோரும் ஒவீதியோவும் கால்பந்து சண்டையில் இருந்தார்கள். அம்மா கல்லாப்பெட்டியைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கரண்டி உப்பை அப்பாவின் காப்பியில் போட்டுக் கலக்கினேன். பெற்ற அப்பனுக்கு இப்படியெல்லாம் சோதனை வைக்கிறாளே ஒருத்தி என்று எனக்கே என்மேல் அசிங்கமாக இருந்தது. ஆனால் வைத்துவிட்டேன்.

அப்பா வந்து உட்கார்ந்தார். ஒரு மடக்கு குடித்தார். கடவுளே, துப்பு, துப்பிவிட்டு என்னைத் திட்டு, கோப்பையைத் தூக்கி எறி என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது மடக்கையும் குடித்தார். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"காப்பி நல்லா போடுறான்."

நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் ஒவீதியோவிடம் மட்டும் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷர்தான்.

"பாவம் மாமா. இதப் போய் அவர்கிட்ட கேக்காத சுலேமா. அவர் மறுபடி சுடட்டும். எப்படி இருந்தாலும் நாம நல்லா இருக்குன்னு சொல்லிடலாம். இன்னும் கொஞ்சம் பலமா தட்டுவோம்."

எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. வியாழக்கிழமை அம்மா போன் செய்கிற வரைக்கும்.

"மேஸ்திரி திங்கக்கிழம வரான்டி. உங்கப்பா அடுப்ப இடிச்சுட்டு அங்க துணி துவைக்கிற தொட்டி கட்டப்போறாராம். எனக்கு எதுக்குடி தொட்டி? மெஷின் இருக்கு வீட்ல! கேட்டா, 'உனக்குத்தான் சௌகரியம்'கிறான் கிழவன்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்தச் செங்கல் ஒவ்வொண்ணும் அவன் கையால வச்சது."

மூன்றாவது ஞாயிறும் அதே மேசை, அதே ஐந்து பேர். தீத்தோ கேட்காமலே ஒயினும் சோடாவும் வைத்துவிட்டுப் போனார். பின்னால் அடுப்பில் கொழுப்பு சொட்டிச் சொட்டிப் பொரிகிற சத்தம். அப்பா எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மேஸ்திரி.

எனக்கு அடக்க முடியவில்லை.

"அப்பா, போன வாரம் உன் காப்பில நான் உப்பு போட்டேன்."

ஒவீதியோ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் திருப்பி மிதித்தேன்.

அப்பா ஒயின் குவளையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "எவ்வளவு?"

"ஒரு கரண்டி."

"முழுக் கரண்டியா?"

"முழுசா."

"கலக்கினியா?"

"கலக்கினேன்."

அவர் ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துப் பிய்த்தார். பிய்த்ததைத் திங்காமல் மேசை விரிப்பில் வரிசையாக வைத்தார்.

"காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல," என்றார். "ருசியும் இல்ல, வாசனையும் இல்ல. டாக்டர் வரும்கிறான், வராமலும் போகும்கிறான். அட்டைய மெல்ற மாதிரி இருக்கு. சரி, கை பழகின கைதானேன்னு அன்னிக்கு சுட்டேன். நீங்க எல்லாரும் தட்டினீங்க. நெஸ்தோர் விசிலடிச்சான். அப்பாடா, தப்பிச்சோம்னு நெனச்சேன். மிச்சக் கறிய நம்ம வீட்டு நாய்க்குப் போட்டேன். வாயில வச்சுட்டு துப்பிடுச்சு. நேரே போய் அதோட கிண்ணத்துத் தண்ணியக் குடிச்சுது பாரு, குடிக்குது குடிக்குது, நிறுத்தவே இல்ல. அந்த வீட்ல எங்கிட்ட உண்மையச் சொன்னது அது ஒண்ணுதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிலேருந்து ஒரே யோசன. அன்னிக்கு மட்டும்தான் பொய்யா? இல்ல, இத்தன வருஷமும் தட்டினதெல்லாம் அப்படித்தானா? அடுத்தவன் கறிக்கு நீங்க கை தட்ட வேண்டிய அவசியமில்ல. நிஜமாவே நல்ல கறிய தின்னா உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு பாத்துக்கிட்டா, என் கறிக்கு எப்படி இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுடலாம்ல. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"கண்டுபிடிச்சியாப்பா?" என்றேன்.

"ஒரு மண்ணும் தெரியல. திங்கிறப்ப எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் இருக்கு." ரொட்டித் துண்டுகளைக் கையால் கூட்டித் தள்ளினார். "நாக்கு செத்தவன் அடுப்பு முன்னாடி நிக்கணும்னா, அடுத்தவன் நாக்க நம்பணும். நான் யார நம்பி உப்பு போடுறது? அதான் மேஸ்திரிய வரச் சொன்னேன்."

நெஸ்தோர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, என்னப்பா நீ! உன் கறிக்கு ஈடு இந்த உலகத்துலயே கிடையாதுப்பா! சத்தியமா!"

"ஆமா மாமா," என்றார் ஒவீதியோ. "ஒவ்வொரு துண்டும் தேவாமிர்தம் மாமா."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்கிற தெம்பு எனக்கில்லை. "பாத்தியா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! யார்மேல் என்று தெரியாத கோபம். தம்பிமேல், புருஷன்மேல், சேர்ந்து தட்டின என் கைகள்மேல், இப்படி நாங்கள் தட்டும்படியே வாழ்நாள் முழுக்க விறைத்துக்கொண்டு நின்ற இந்தக் கிழவர்மேலும்.

"உன் சோரிசோ எப்பவுமே காஞ்சு கெடக்கும்," என்றேன்.

கறித் தட்டோடு வந்த தீத்தோ பாதி வழியில் நின்றுவிட்டார்.

"என்ன சொன்ன?"

"சோரிசோ. கட்டை மாதிரி இருக்கும். காய்ச்சலுக்கு முன்னாடியும் அப்படித்தான். நான் சின்னப் பொண்ணா இருந்தப்பவும் அப்படித்தான். நீ சீக்கிரமே போட்டுட்டு விலாக் கறியோட மல்லுக்கட்டப் போயிடுவ. அது பாட்டுக்குக் கெடந்து காயும். ரொட்டிக்குள்ள வச்சு சாஸ ஊத்தி ஊத்தித்தான் எறக்குவோம்."

"சுலேமா!" என்றார் ஒவீதியோ.

"நீங்க சும்மா இருங்க. ஏன், அந்தச் சோரிசோவ அன்னிக்கு எதுக்குத் திருப்பினீங்க? காயுதேன்னுதானே?"

ஒவீதியோ தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. "மாப்பிள்ளை. நிஜமா?"

"லேசா... லேசாத்தான் மாமா. ஒரு பக்கம் கருகிட்டிருந்துச்சு."

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாகக் கட்டிவைத்த மூட்டையை அவிழ்ப்பவள்போல முந்திக்கொண்டு வந்தாள். "குடல நீ சரியாக் கழுவ மாட்ட. என்னைய கழுவ விடவும் மாட்ட. நான் ஒவ்வொரு தடவையும் உனக்குத் தெரியாம நாய்க்குத்தான் போடுவேன்."

"டெல்ஃபீனா! நீயுமா?"

"கல்யாணமான நாள்லேருந்து."

"விலாக் கறி..." நெஸ்தோர் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லுடா! நீதானே இப்ப உலகத்துலயே ஈடு இல்லன்ன!"

"சில வாரம் நல்லா இருக்கும்பா. சில வாரம் ரப்பர். உனக்குப் பசங்களோட பேச்சு சுவாரசியமாப் போச்சுன்னா ரப்பர்."

அப்பா எழுந்தார். மடியிலிருந்த துணியை மேசைமேல் எறிந்தார். "இத்தன வருஷம்! பாவிங்களா, இத்தன வருஷமும் வாய மூடிக்கிட்டுத் தின்னீங்களேடா!" ஹோட்டலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எங்களை விட்டு விறுவிறுவென்று நடந்தார். வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். எல்லாம் போச்சு, நானே கடப்பாரை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் வாசலுக்குப் போகவில்லை. அடுப்பு முன்னால் போய் நின்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முதல் தடவையாக அந்தத் தணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்புக்காரன், அந்நிய ஆள் வந்து நிற்கிறாரே என்று தயங்கி ஒரு எட்டு விலகினான். அப்பா உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே நீட்டி, சூட்டைப் பார்த்து, மெதுவாக மடக்கிக்கொண்டார். நாங்கள் நால்வரும் மேசையில் திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்தார். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாசியோ?" என்றார்.

விலாவுக்குக் கீழே வருகிற அந்த மெல்லிய சதையைத்தான் கேட்டார். ஒரு பக்கம் தோல் மொறுமொறுக்க, உள்ளே சாறு நிற்க அதைச் சுடுவது லேசில்லை. அவர் குரல் இறங்கியிருந்தது. பரீட்சை முடிவு கேட்கிறவனைப்போலக் கேட்டார்.

நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அவசரப்பட்டால் அவர் நம்ப மாட்டார். மனசுக்குள் அத்தனை ஞாயிறுகளையும் தேடினேன், ஏதாவது ஒரு குறை அகப்படுமா என்று. நிஜமாகவே தேடினேன்.

"அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லப்பா. அத உன்ன மாதிரி யாரும் சுட்டு நான் தின்னதில்ல. இங்கயும் தின்னேன், மூணு வாரமா. கிட்டக்கூட வரல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். சற்று முன் குடலைப் பற்றிச் சொன்ன அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். நெஸ்தோரைப் பார்த்தார். ஒவீதியோவைப் பார்த்தார். யாரும் கை தட்டவில்லை, யாரும் சத்தியம் செய்யவில்லை.

அவர் நம்பினார். நம்பியது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவருடைய முகவாய் கட்டுக்கு அடங்காமல் ஆட ஆரம்பித்தது. பெரிய மீசை வைத்த மனுஷர், சந்தையில் மாடுகளை ஒற்றைக் குரலில் திருப்பியவர், கைக்குட்டையைத் தேடி எல்லாப் பையையும் தடவினார். தீத்தோ பேசாமல் ஒரு துணியை நீட்டினார்.

"டெல்ஃபீனா," என்றார் மூக்கைச் சிந்திவிட்டு. "மேஸ்திரிக்கு போன் போடு. நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லு."

"நீயே சொல்லு கிழவா. நான் எதுக்கு நடுவுல?" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே போனைத் தேடிக் கைப்பைக்குள் தலையை விட்டுவிட்டாள்.

அப்பா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். இப்போது அடுப்பு அவருக்கு எதிரே. தீத்தோவின் கையிலிருந்து தட்டை வாங்கி நடுவில் வைத்தார். கத்தியை எடுத்து, நாரோட்டம் பார்த்து அதற்குக் குறுக்கே ஒரு துண்டு வெட்டினார். பாதியைத் தன் வாயில் போட்டு மென்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. மீதிப் பாதியை முட்கரண்டியில் குத்தி என்னிடம் நீட்டினார்.

"இது எப்படி? எனக்குப் பல்லுல படுறது மட்டும்தான் தெரியுது. மிச்சத்த நீ சொல்லு. மொதல்ல என்ன தெரியுது, அப்புறம் என்ன? புகை வருதா? கொழுப்பு இனிக்குதா? உப்பு எங்க நிக்குது, நுனி நாக்குலயா, தொண்டையிலயா?"

இதையெல்லாம் அவர் இத்தனை நாள் தனியாக, ஒருவரிடமும் சொல்லாமல், நாக்கிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தாரா? நாங்கள் தின்றுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தோம். கறியை வாயில் போட்டேன். கண்ணீர் வாய் ஓரம்வரை வந்துவிட்டது, மெல்ல முடியவில்லை.

அப்பா துணியால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார், சின்ன வயதில் துடைப்பதுபோல் கொஞ்சம் முரட்டுத்தனமாக.

"அழுகைய நிறுத்திட்டு மெல்லு," என்றார். "அழுதுக்கிட்டே தின்னா உப்பு சரியாத் தெரியாது."